லௌட்டன் ஏன் காட்டுக்குள் வளரவில்லை?

கேள்வி இது: லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் எப்பிங்குக்குச் சற்று முன்னால் வரும் லௌட்டன், எப்பிங் காட்டை ஒட்டிய சின்னக் கிராமமாக இருந்தது. இன்று அங்கே முப்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். ஆனாலும் மேற்குப் பக்கம் போனால் ஒரு தெருவோடு வீடுகள் நின்றுவிடுகின்றன, எதிர்ச்சாரியிலேயே காடு. இவ்வளவு பெரிய நகரத்துக்கு இவ்வளவு அருகில், ரயில் வந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், அந்தக் காடு எப்படித் தப்பியது? கிராமம் எந்தத் திசையில், ஏன் வளர்ந்தது?

இயற்கை ஆர்வலர்கள் போராடிக் காப்பாற்றினார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. காட்டைக் காப்பாற்றியது அதில் மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் இருந்த பழைய உரிமை. காப்பாற்றிய கையோடு முதலில் ஒழிக்கப்பட்டதும் அந்த விறகு உரிமைதான். அதன் விலையை இன்றைக்கு மரங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் நிலம். எப்பிங் காடு ஏறக்குறைய 19 கி.மீ. நீளத்துக்கு வடக்கு தெற்காகக் கிடக்கும் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. இன்றைய பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர், அதாவது 6,000 ஏக்கர். மேட்டின் முகட்டில் மணலும் சரளையும். சரிவுகளில் லண்டன் களிமண். முகட்டின் சரளையில் பீச் மரங்கள் நன்றாக வரும். களிமண்ணில் ஹார்ன்பீமும் ஓக்கும். இரண்டுமே உழவுக்கு உதவாத நிலம்: சரளையில் சத்து இல்லை, களிமண்ணோ மழையில் சேறு, வெயிலில் கல். நல்ல உழவு நிலம் கிழக்கே, ரோடிங் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இருந்தது. அதனால் பழைய லௌட்டன் காட்டோரத்தில் கூடி நிற்கவில்லை. பண்ணை மாளிகையான லௌட்டன் ஹாலும் அதன் பக்கத்தில் புனித நிக்கோலஸ் தேவாலயமும் கிழக்கே தனியாக நின்றன; குடிகள் அங்கங்கே சிதறி இருந்தார்கள். நார்மன் படையெடுப்புக்கு முன்பே, பின்னாளில் அரசரான ஹெரால்ட் இந்த ஊரை வால்தம் மடத்துக்குக் கொடுத்திருந்தார். 1062ஆம் ஆண்டு அரச சாசனம் அதை உறுதி செய்தது. 1540இல் அந்த மடம் கலைக்கப்படும் வரை ஊரின் பெரும்பகுதி மடத்தின் கையில்தான் இருந்தது.

ஊரின் நடு மேற்கே நகர்ந்ததற்குக் காரணம் சாலை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லௌட்டனிலிருந்து கோல்டிங்ஸ் ஹில் வழியாக எப்பிங்குக்குக் காட்டின் ஊடே சாலை போட்டார்கள். லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் பக்கம் போகும் வண்டிகள் இந்த வழியே வரத் தொடங்கின. சத்திரங்களும் கடைகளும் அந்தச் சாலையோரம் நீளவாக்கில் முளைத்தன. இன்றைய ஹை ரோடு அதுதான். பயணிகளுக்குப் பின்னாலேயே கொள்ளைக்காரர்களும் வந்தார்கள். டிக் டர்பின் இருந்த கும்பல் 1735இல் லௌட்டனில் ஒரு விதவையின் வீட்டில் புகுந்தது பதிவான செய்தி. பிறகு 1830 முதல் 1834 வரை எப்பிங் நியூ ரோடு என்ற நேர்வழி காட்டின் நடுவே போடப்பட்டு, பெரிய போக்குவரத்து லௌட்டனை விட்டு விலகிப்போனது. ஆனால் ஊரின் நடு அதற்குள் மாறிவிட்டது. 1846இல் புதிய தேவாலயம் ஒன்றை ஹை ரோட்டுக்கு அருகே மேட்டில் கட்டினார்கள். அடுத்து, மாளிகைப் பக்கத்துப் பழைய தேவாலயத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். கிராமம் இடம் மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டடம் வேறில்லை.

இனி உரிமைகள். இதைப் புரிந்துகொள்ளாமல் மீதிக் கதை பிடிபடாது. எப்பிங் காடு புறம்போக்கு அல்ல. அரசனுடைய சொத்தும் அல்ல. ஒரே நிலத்தின் மேல் மூன்று பேருடைய உரிமைகள் படிந்திருந்தன. மண் அந்தந்த மேனர் (பண்ணை நிலத் தொகுதி) பிரபுவுக்குச் சொந்தம். மானும் வேட்டையும் அரசனுக்கு. மான் வந்து போவதைத் தடுக்கும்படி யாரும் வேலி போடக்கூடாது என்பது வனச் சட்டம். புல்லும் விறகும் குடிகளுக்கு. மண் பிரபுவினுடையது என்றாலும் அரசனின் மான் இருக்கும் வரை அவர் வேலி போட முடியாது. வேலி இல்லாத வரை குடிகளின் மாடு தடையில்லாமல் மேயும். கடுமையான வனச் சட்டம் ஒருவகையில் ஏழைகளுக்குக் காவலாக இருந்தது இப்படித்தான்.

லௌட்டன்காரர்களுக்கு இருந்த விறகு உரிமை தனி வகை. நவம்பர் 11ஆம் தேதி நள்ளிரவிலிருந்து ஏப்ரல் 23 வரை, காட்டு மரங்களின் கிளைகளை அவர்கள் வெட்டலாம். மரத்தைச் சாய்க்கக் கூடாது, கிளை மட்டும்தான். அதுவும் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல். அதற்குக் கீழே வெட்டினால் புதிதாக வரும் தளிரை மாடும் மானும் தின்றுவிடும். மரம் மறுபடி தழைக்காது. அந்த உயரத்தில் வெட்டினால் தலைப்பகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் நேராகக் கிளம்பும். பத்துப் பதினைந்து ஆண்டில் அவை அடுப்புக்கும் கரிக்கும் ஏற்ற பருமனாகும். மறுபடி வெட்டு, மறுபடி தளிர். குளிர்காலத்தில் மட்டும் வெட்டுவதற்கும் காரணம் உண்டு: இலை உதிர்ந்து மரம் உறங்கும் காலத்தில் சத்து வேரிலும் அடிமரத்திலும் சேர்ந்திருக்கும், வசந்தத்தில் அதைக் கொண்டு தளிர் எழும்பும். இப்படித் தலை வெட்டி வளர்த்த மரத்தைப் பொல்லார்டு என்பார்கள். பொல்லார்டு மரம் உயரம் கூடாமல், அடி பருத்து, பல நூறு ஆண்டு உயிரோடு இருக்கும். மேலே கனம் சேராததால் காற்றுக்கும் எளிதில் விழாது.

பருவத்தின் முதல் நாள் நள்ளிரவில் யாராவது ஒருவர் கிளை வெட்டத் தொடங்காவிட்டால் ஊருக்கே உரிமை போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் ஸ்டேபிள்ஸ் ஹில் மேட்டில் கூடி, தீ மூட்டி, மணி பன்னிரண்டானதும் கோடரியை எடுப்பார்கள். முதலாம் எலிசபெத் அரசி இந்த உரிமையைக் கொடுத்தார் என்பது ஊர்ப்பேச்சு. இதை வெறும் பாட்டிக்கதை என்று தள்ளிவிட முடியாது, சட்டத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. ‘ஊர்வாசிகள்’ என்பது ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கூட்டம். அப்படிப்பட்ட கூட்டம் வெறும் வழக்கத்தைக் காட்டி, பிறர் நிலத்திலிருந்து பொருள் எடுக்கும் உரிமையைக் கோர முடியாது என்பது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்துச் சட்டம். அரசர் ஒருவர் முறைப்படி வழங்கியது என்றால் மட்டுமே வழி உண்டு. ஆக, எலிசபெத் இல்லாமல் வழக்கே இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மூன்றடுக்கு ஏற்பாடு ஆட்டம் கண்டது. அரசக் குடும்பத்துக்கு மான் வேட்டையில் ஆர்வம் போய்விட்டது. பக்கத்து ஹெய்னால்ட் காட்டின் வனநிலையை 1851இல் ஒரு சட்டம் போட்டு நீக்கி, மரங்களை வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். எப்பிங்கில் அரசுத் துறை தன் வன உரிமையை மேனர் பிரபுக்களுக்கே விலைக்கு விற்கத் தொடங்கியது. அந்த உரிமையை வாங்கிய பிரபுவுக்கு வேலி போடத் தடையாக இருந்த ஒரே சட்டம் விலகிவிடும். இதோடு ரயிலும் சேர்ந்தது. 1856 ஆகஸ்ட் 22 அன்று ஈஸ்டர்ன் கவுன்டீஸ் ரயில்வே லௌட்டன் வரை பாதையைத் திறந்தது. 1865இல் அது ஓங்கர் வரை நீண்டது. விறகுக்கு உதவிய நிலம் ஒரே இரவில் வீட்டு மனை ஆனது.

லௌட்டன் மேனரின் பிரபு அந்த ஊரின் பாதிரியாராகவும் இருந்த ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட். அரசின் உரிமையை வாங்கிக்கொண்டு, 1860களின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுக்கு வேலி போட்டார். விறகுவெட்டி தாமஸ் வில்லிங்கேல் வழக்கம்போல் உள்ளே போய்க் கிளை வெட்டினார். 1866இல் அவருடைய குடும்பத்து இளைஞர்கள் மரத்துக்குச் சேதம் செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்துச் சிறை போனார்கள். (நவம்பர் 11 இரவு விறகுவெட்டிகளை மதுக்கடையில் விருந்துக்கு அழைத்துப் பன்னிரண்டு மணியைத் தாண்ட வைக்கப் பார்த்தார்கள், வில்லிங்கேல் நழுவிப் போய் ஒரு கிளையோடு திரும்பி வந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். நல்ல கதை. கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.)

1865இல் தொடங்கப்பட்டிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் வில்லிங்கேலுக்குப் பின்னால் நின்றது. அவர் பெயரில் மெய்ட்லண்ட் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும் வரை மேற்கொண்டு காட்டை அழிக்க முடியாது என்பதே பெரிய லாபம். ஆனால் 1870இல் வில்லிங்கேல் இறந்துபோனார். தனி மனிதர் பெயரில் இருந்த வழக்கு அதோடு விழுந்தது. வேலி இல்லாத காடு அதற்குள் ஏறக்குறைய 3,000 ஏக்கராகச் சுருங்கியிருந்தது.

இங்கேதான் எதிர்பாராத ஒரு வழக்காளி உள்ளே வந்தார்: லண்டன் நகரின் மாநகராட்சி. காட்டின் தெற்குக் கோடியில் ஆல்டர்ஸ்புரூக்கில் சுமார் 200 ஏக்கர் பண்ணை நிலத்தை 1850களில் அது கல்லறை அமைப்பதற்காக வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு ஒட்டிய மேய்ச்சல் உரிமையும் கூடவே வந்தது. மாநகராட்சி சாவதில்லை, அதன் பணமும் சீக்கிரம் தீராது. 1871இல் மேனர் பிரபுக்கள் மீது அது வழக்குத் தொடர்ந்தது. 1874இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் தீர்ப்புச் சொன்னார். முழு வழக்கும் ஒரு புள்ளியில் நின்றது: மேய்ச்சல் உரிமை அவரவர் மேனருக்குள் அடங்கியதா, காடு முழுவதற்குமா? மாடுகளுக்கு மேனர் எல்லை தெரியாது, எவரும் அவற்றை எல்லையில் மறித்ததும் இல்லை என்பது சாட்சியங்களில் தெரிந்தது. ஆக உரிமை காடு முழுவதற்கும். அப்படியானால் லௌட்டன் பிரபு தன் குடிகள் எல்லோரையும் பணம் கொடுத்துச் சம்மதிக்க வைத்தாலும் வேலி போட முடியாது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மாட்டுக்காரர் மறுத்தால் போதும். இருபது ஆண்டுகளாகப் போட்ட வேலிகள் எல்லாம் சட்டவிரோதம் ஆயின.

1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. மாநகராட்சி காட்டின் பாதுகாவலர். காட்டின் இயல்பான தோற்றத்தைக் காப்பது அதன் கடமை. மேய்ச்சல்காரர்கள் ஏழாண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கும் நான்கு வெர்டரர்கள் (காட்டு மேற்பார்வையாளர்கள்) நிர்வாகத்தில் இடம்பெறுவார்கள். அரசி விக்டோரியா 1882 மே 6 அன்று காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். வேலி போட்ட நிலமெல்லாம் திரும்பியது என்று நினைக்க வேண்டாம். 1871 ஆகஸ்ட் 14க்கு முன்பே வீடும் தோட்டமும் ஆகிவிட்ட துண்டுகள் பெரும்பாலும் அவரவரிடமே தங்கின. காட்டோர வரைபடத்தில் எல்லைக்கோடு ஓர் இடத்தில் உள்ளே நுழைந்து, அடுத்த இடத்தில் வெளியே பிதுங்கிக் கிடப்பதற்கு முக்கியமான காரணம் அந்தத் தேதிதான்.

கிளை வெட்டும் உரிமையைச் சட்டம் ரத்து செய்தது. லௌட்டனுக்கு 7,000 பவுண்டு ஈடு. ஒரு சிறு பகுதி ஆட்களுக்குப் போனது. பெரும்பகுதியில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டி, 1884இல் லாப்பிங் ஹால் (லாப்பிங் என்றால் கிளை வெட்டுதல்) என்ற பெயரோடு திறந்தார்கள். ஹை ரோடும் ஸ்டேஷன் ரோடும் சந்திக்கும் மூலையில் இன்றும் நிற்கிறது. ஸ்டேஷன் ரோட்டுப் பக்க வாசலுக்கு மேல் கிளை வெட்டுகிறவர்களைச் சுடுமண் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் விறகு வெட்டிப் பிழைத்தவருக்கு வாசக அறையும் கூட்ட அரங்கும் என்ன ஈடு என்ற கேள்வி எனக்கு உண்டு. மண்டபத்தால் அதிகம் பயனடைந்தது ரயிலில் வந்து குடியேறிய புது ஆட்கள்தான்.

அந்தப் புது ஆட்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. பல லண்டன் பாதைகளில் தொழிலாளர்களுக்கென விடிகாலை மலிவுக் கட்டணம் இருந்தது. அப்படிப்பட்ட ஊர்களில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் நிரம்பின. லௌட்டனுக்கு அந்தக் கட்டணம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே வந்தவர்கள் குமாஸ்தாக்களுக்கு மேற்பட்ட வர்க்கம்: வணிகர்கள், கலைஞர்கள், அறிவியல் ஆர்வலர்கள். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் பிற்பாடு பல ஆண்டுகள் காட்டோரத்து பால்ட்வின்ஸ் ஹில்லில் வீடு வைத்திருந்தார். கிழக்கு லண்டன் ஏழைகள் குடியேறவில்லை, விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கில் வந்து போனார்கள். 1900இல் லௌட்டன் தனி நகர்ப்புற மாவட்டமானது. 1933இல் சிக்வெல் மாவட்டத்தோடு இணைந்தது.

மேற்கே கதவு அடைத்துவிட்டதால் வளர்ச்சி கிழக்கே, பழைய வயல்களின் மேல் திரும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் கவுன்டி கவுன்சில் லௌட்டன் ஹாலைச் சுற்றியிருந்த பண்ணை நிலத்தை வாங்கி, 1940களின் கடைசியில் டெப்டன் குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. குண்டுவீச்சில் வீடிழந்த லண்டன் குடும்பங்களுக்கான வாடகை வீடுகள் அவை. 1948 நவம்பரில் சென்ட்ரல் லைன் லௌட்டனை எட்டியது. 1949இல் எப்பிங் வரை போனது. அதே ஆண்டு சிக்வெல் லேன் என்ற நிலையத்தின் பெயர் டெப்டன் ஆனது. 1956இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் நோட்டு அச்சகத்தை டெப்டனுக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் தொடங்கிய பக்கத்துக்கே வளர்ச்சி திரும்பி வந்தது. அதன் பிறகு ரோடிங்கின் வெள்ளச் சமவெளி, 1970களில் வந்த எம்11 நெடுஞ்சாலை, லண்டனைச் சுற்றிய பசுமை வளையம் மூன்றும் கிழக்குக் கதவையும் சாத்தின.

இனி மரங்களுக்கு என்ன ஆயிற்று என்பது. காட்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய பொல்லார்டுகள் இருக்கின்றன. 1878க்குப் பிறகு பெரும்பாலானவற்றின் மேல் கோடரி படவில்லை. பதினைந்து ஆண்டில் வெட்டப்பட வேண்டிய கிளைகள் நூறு ஆண்டு வளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு தனி மரத்தின் பருமன் ஆகிவிட்டன. அடிமரமோ பெரும்பாலும் உள்ளே பொக்கை. பத்து மரத்தின் கனத்தை ஒரு பொக்கை அடிமரம் சுமக்கிறது. காற்றடித்தால் கிளைகள் பிரியும் இடத்தில் பிளந்து விழுகிறது. மேலே கிளைகள் மூடியதால் தரைக்கு வெளிச்சம் இல்லை. பீச் நிழலில் புல்லோ பூவோ வராது. மேய்ச்சலும் குறைய, திறந்த ஹீத்துப் புதர்வெளிகள் பிர்ச் மரக் காடாகின.

மறுபடி வெட்டிவிடலாமே என்று தோன்றும். ஹார்ன்பீம் ஓரளவு தாங்கும். பீச் தாங்காது. நூறு ஆண்டு விட்டுப்போன பீச்சை முன்போல மொட்டையாக வெட்டினால், பழைய பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் போதாததால் தளிர் வராது. அதுவரை நிழலில் இருந்த பட்டையில் திடீரென வெயில் பட்டு வெந்துபோகும். வறண்ட கோடை சேர்ந்தால் மரமே போய்விடும். அதனால் இப்போது ஒரே தடவையில் வெட்டுவதில்லை. முதலில் சுற்றியுள்ள இளமரங்களைச் சில ஆண்டு இடைவெளியில் படிப்படியாக அகற்றி வெளிச்சத்துக்குப் பழக்குவார்கள். பிறகு உச்சியை மட்டும் கொஞ்சம் குறைப்பார்கள், தழை உள்ள கிளைகளை விட்டுவைப்பார்கள், கீழே தளிர் கிளம்புகிறதா என்று பார்த்து மறுபடி குறைப்பார்கள். ஒரு மரத்துக்கு இது பல பத்தாண்டு வேலை. கூடவே இளம் மரங்களின் தலையை வெட்டிப் புதிய பொல்லார்டுகளையும் உருவாக்குகிறார்கள். இளமரம் எளிதில் தழைத்துவிடும். புல்வெளிகளுக்கு இங்கிலீஷ் லாங்ஹார்ன் மாடுகளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலி போட முடியாத காடு ஆயிற்றே, அதனால் மாட்டின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எல்லையை நெருங்கினால் முதலில் ஒலி, மீறினால் சிறு மின்னதிர்வு.

ஊரை நேரில் படிக்க விரும்பினால் நிலையத்திலிருந்து லாப்பிங் ஹால், அங்கிருந்து ஹை ரோட்டைக் கடந்து ஸ்டேபிள்ஸ் ரோடு என்று போக வேண்டும். ஸ்டேபிள்ஸ் ரோட்டில் ஒரு சாரியில் வீடுகள், எதிர்ச்சாரியில் காடு. 1878 எல்லை அதுதான். மேலே ஏறினால் இரும்புக் காலத்து மண்கோட்டையான லௌட்டன் காம்ப் வரும். அதைச் சுற்றிலும் விட்டுப்போன பீச் பொல்லார்டுகளைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் களிமண் சரிவுகள் கணுக்கால் வரை இழுக்கும், முழங்கால் ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

இப்போது காட்டுக்கு நெருக்கடி வேலியால் வருவதில்லை, புகையாலும் கால்களாலும் வருகிறது. காட்டின் பெரும்பகுதி ஐரோப்பிய வகைப்பாட்டின்படி சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. வண்டிப்புகையின் நைட்ரஜன் சரளை மண்ணில் சேர்ந்து, சத்துக் குறைவையே நம்பி வாழும் ஹீத்தையும் பாசிகளையும் பின்தள்ளுகிறது. இதன் காரணமாக 2018 வாக்கில் எப்பிங் காட்டு மாவட்டத்தில் வீடு கட்ட அனுமதி கேட்ட ஏராளமான மனுக்களின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2023 மார்ச்சில் ஏற்கப்பட்ட உள்ளூர்த் திட்டத்தோடுதான் ஒரு வழி பிறந்தது: காட்டிலிருந்து 6.2 கி.மீ.க்குள் கட்டப்படும் புதிய வீடுகள், அங்கே நடக்க வரும் கூட்டத்தைச் சமாளிக்கும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். லௌட்டன் முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்குகிறது.